வீட்டுத் திண்ணையும் கோடை விடுமுறையும்

1822ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ ஒரு குறிப்பு எழுதினார். மாகாணத்திலுள்ள ஒவ்வொரு கலெக்டரும் தம் ஆட்சிப் பகுதியில் எத்தனை பள்ளிகள் உள்ளன, அவற்றில் யார் யார் படிக்கிறார்கள், என்ன படிக்கிறார்கள் என்று கணக்கெடுத்து அனுப்ப வேண்டும் என்பதே அதன் செய்தி. கணக்குகள் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. 1826 மார்ச் 10 அன்று அவற்றைத் தொகுத்து மன்றோ எழுதிய அறிக்கையில், மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்ததாகவும், அவற்றில் 1,88,650 பேர் படித்ததாகவும் காண்கிறோம். அப்போதைய மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தெட்டு இலட்சம்.

இந்த எண்கள் பலரும் எடுத்தாண்டவையே. தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலின் வழியாக அவை நாடறிந்தவையாகிவிட்டன. ஆனால் அந்த அறிக்கையின் ஓரத்தில் இன்னொரு எண் நிற்கிறது. சென்னை நகரில் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே கல்வி பெற்ற பிள்ளைகள் 26,900 பேருக்கு மேல். அதாவது பள்ளியில் படித்தவர்களைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு! இக்கணக்கில் ஏதோ பிழை இருக்கக்கூடும் என்று மன்றோவே ஐயுற்றார். வெளி மாவட்டங்களில் இவ்வளவு இராது என்றும் எண்ணினார். ஆயினும் உறவினரோ தனி ஆசிரியரோ பிள்ளைகளுக்கு வீட்டில் கற்பிப்பது இந்நாட்டின் எந்தப் பகுதியிலும் அரிய வழக்கமன்று என்று அவர் பதிவு செய்தார். போடிநாயக்கனூர் ஜமீன் அன்று மதுரைக் கலெக்டரின் எல்லைக்குள் இருந்தது. அங்கே வீட்டில் படித்தவர் எத்தனை பேர் என்று எவரும் எண்ணவில்லை.

'வீட்டுக் கல்வி' என்ற சொல்லை இன்று கேட்கும்போது, அது அமெரிக்காவிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்றே பலரும் எண்ணுகின்றனர். பள்ளியை அறவே விட்டுவிட்டுப் பிள்ளையை வீட்டில் வைத்துக் கற்பிப்பதைப் பற்றி இங்கே நாம் பேசவில்லை. பள்ளி மூடிக் கிடக்கும் கோடையில் வீடு என்ன செய்யலாம் என்பதே நம் கேள்வி. அதற்கு விடை தேடப் புகுந்தால், நம் நாட்டு வரலாற்றிலேயே போதிய செய்தி கிடைக்கிறது.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். பழைய முறையை வானளாவப் புகழ்வோர் மன்றோவின் கணக்கில் ஒரு பகுதியைப் படிப்பதில்லை. 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தாம். வீட்டில் படித்தவர்களும் பெரும்பாலும், ஏற்கெனவே எழுத்து குடியிருந்த வீட்டுப் பிள்ளைகளே. கூலி வேலைக்குப் போன தாயின் குடிசையில் சுவடி ஏது? சேரியில் பிறந்த பிள்ளைக்குத் திண்ணையில் ஏற உரிமை ஏது? எனவே எழுத்தறியாத வீட்டில் பிறந்த பிள்ளைக்கு வீடு எவ்வாறு பள்ளியாகும் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கு விடை தராது. அதை வேறிடத்தில் தேட வேண்டும்.

ஆயினும் திண்ணைப் பள்ளியின் ஒரு வழக்கம் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது. உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் அதை விவரிக்கிறார். 1855இல் பிறந்த அவர் அத்தகைய பள்ளிகளில் பயின்றவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் நாட்களே அங்கு விடுமுறை. அதற்கு 'வாவு' என்று பெயர். கோடைக்கென்று தனி விடுமுறை கிடையாது. மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே பிள்ளையின் கைக்குப் பனையோலையும் எழுத்தாணியும் வரும். மாலையில் பிள்ளைகள் வீடு திரும்பும் வேளையில் உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயரையோ, பறவையின் பெயரையோ, ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவார். பையன் அதை வீடுவரை மனத்தில் சுமந்து சென்று, இரவெல்லாம் மறவாமல் வைத்திருந்து, மறுநாட் காலையில் வந்து ஒப்பிக்க வேண்டும். வழியில் யாரையாவது கேட்டிருப்பான். பாட்டியிடம் 'இந்தப் பூ எப்படி இருக்கும்?' என்று வினவியிருப்பான். அந்த ஒரு சொல்லால் பாடம் திண்ணையிலிருந்து இறங்கி அடுப்படிவரை சென்றது. காகிதமோ காசோ வேண்டாத வீட்டுப்பாடம் அது. பக்கம் பக்கமாகப் பார்த்தெழுதச் சொல்லும் இக்கால விடுமுறைப் பாடத்தைவிட அது மேலானது என்றே எனக்குப் படுகிறது.

எழுத்தறியாத வீட்டைப் பற்றிய கேள்விக்கு வருவோம். இதற்கு முதல் விடை தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பிள்ளைகள். 1542இன் பிற்பகுதியில் தூய பிரான்சிஸ் சவேரியார் அக்கடற்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. செபங்களைப் பிறர் துணைகொண்டு தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாக நடந்து சிறுவரைக் கூட்டினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய மடலில், தாம் கற்றுக்கொடுத்ததைப் பிள்ளைகள் தத்தம் வீட்டில் தாய் தந்தையர்க்கும் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் கற்றுத்தர வேண்டும் என்று தாம் பணித்திருந்ததைக் குறிப்பிடுகிறார். பெரியோர் சிறியோர்க்குக் கற்பிப்பதே வழக்கமான முறை. அது தலைகீழாக மாறிப் பிள்ளை தந்தைக்கு ஆசிரியனாயிற்று. முத்துக்குளிக்கச் சென்று திரும்பிய தந்தை, மகன் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லியிருப்பார்.

அது மனப்பாடமேயன்றி வாசிப்பன்று என்று கூறலாம், அது உண்மையே. ஆனால் அந்த மனப்பாடமே அச்சுக்கு வழிவிட்டது. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அருட்தந்தை என்றீக் என்றீக்கசு தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்க நூலை அச்சிட்டு முடித்தார். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. கடற்கரையில் பிள்ளைகளின் வாயில் முன்பே புழங்கிய செபங்கள் அதில் இருந்தன. ஏற்கெனவே வாய்க்குப் பழகிய சொற்களைக் கண் பின்தொடர்வதுதான் வாசிப்புக்கு எளிய வாசல். அறியாத சொல்லை அறியாத எழுத்தில் காட்டினால் குழந்தை இருமுறை தடுக்கி விழுகிறது.

வீரமாமுனிவரின் 'பரமார்த்த குரு கதை'யும் இவ்வாறு எளிய வாசல் வழியே வந்ததுதான். தமிழ் கற்கும் குருக்களுக்குப் பேச்சு வழக்கின் நெளிவு சுளிவுகளைக் காட்டுவதற்கென்று அவர் எழுதிய அந்த நகைச்சுவைக் கதை, அவர் மறைந்து முக்கால் நூற்றாண்டு கழித்து, மன்றோ கணக்கெடுக்கச் சொன்ன அதே 1822இல் இலண்டனில் முதன்முதலாக அச்சேறியது. குருக்களுக்காக எழுதியதைக் குழந்தைகள் எடுத்துக்கொண்டனர்! ஆற்றைக் கடக்கும் மட்டியும் மடையனும் இன்றளவும் சிறுவரைச் சிரிக்க வைக்கிறார்கள். கோடையில் உரக்கப் படிக்க ஒரு நூல் கேட்போர்க்கு இதனைத் தயங்காமல் சொல்வேன்.

பிள்ளைக்குப் பிள்ளை ஆசிரியனாகும் முறை உலகறிய வெளிப்பட்டது சென்னையில்தான். 1789இல் எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் ஏற்றார். ஒருநாள் காலை குதிரையில் செல்லும்போது, நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதை அவர் கண்டார். அதைத் தம் இல்லத்தில் செய்து பார்க்க விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதை ஏற்கவில்லை. அரிச்சுவடி வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார் பெல். பெரியவர்கள் இயலாதென்று ஒதுக்கியதை அச்சிறுவன் செய்து காட்டினான். 1797இல் பெல் இலண்டனில் வெளியிட்ட அறிக்கைக்குப்பின் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரித்தானியா முழுவதும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச்சென்ற பொருளால் 1833இல் திறக்கப்பட்ட பள்ளிக்கு 'மெட்ராஸ் கல்லூரி' என்றே பெயர். இன்றும் அப்பெயர் வழங்குகிறது.

நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை கடல் கடந்து சென்ற கதை என்று இதனை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அங்கே போனபின் அது, ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கானோரைக் குறைந்த செலவில் அடக்கியாளும் முறையாக இறுகிப் போயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எழும்பூரில் நடந்ததன் உயிர்நிலை மணலோ சிக்கனமோ அன்று. ஓர் எழுத்தை நேற்றுக் கற்றவனுக்கு, அதைக் கற்பதில் உள்ள இடர் இன்னும் நினைவில் இருக்கிறது. அதை என்றோ கற்ற பெரியவர் மறந்துபோயிருப்பார். தம்பி எங்கே தடுமாறுவான் என்று அண்ணனுக்குத் தெரியும்.

போடிநாயக்கனூருக்கு இவ்வரலாறு எவ்வகையில் பொருந்தும்? மேற்கே மலை ஏறினால் போடிமெட்டு. அதைக் கடந்தால் ஏலத்தோட்டங்கள். 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டாரங்கள் கேரளத்துடன் நின்றுவிட்டன. ஆனால் அத்தோட்டங்களில் உழைக்கும் கைகளில் பெரும்பகுதி இன்றும் தமிழ்க் கைகளே. விடியுமுன் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன. பொழுது சாயும் நேரத்தில் இறங்குகின்றன. காய் எடுப்பு பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கித் தை, மாசிவரை நீளும். கோடையில் காய் இல்லை. ஆனாலும் களை எடுக்கவும், நிழல் மரங்களின் கிளை கழிக்கவும், தென்மேற்குப் பருவமழைக்கு முன் நடவுக்கு நிலம் பண்படுத்தவும் வேலை உண்டு. ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடுகிறது. தாயின் வேலை மூடுவதில்லை.

மூத்த பெண் பிள்ளை வீட்டில் நின்று தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்கிறாள். தண்ணீர் பிடிக்கிறாள், உலை வைக்கிறாள். சற்று வளர்ந்த பையன் தாயுடன் ஜீப்பில் ஏறிவிடுகிறான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்திற்கு 2016இல் வந்த திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரத்திற்குப் பின்னரும் விடுமுறையிலும் தன் குடும்பத்தின் சொந்தத் தொழிலில் உதவலாம் என்கிறது. பிறர் தோட்டத்தில் கூலிக்கு நிற்கலாம் என்று சொல்லவில்லை. விடுமுறையில் கைக்காசு பார்த்துவிட்ட பையன் ஜூன் மாதம் புத்தகத்திற்குத் திரும்பத் தயங்குவதை மலையடிவார ஆசிரியர்கள் அறிவார்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருக்கும் தோட்டத்தில் கல்வி வசதி செய்யுமாறு முதலாளியைப் பணிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. அது தோட்டத்து லயங்களில் குடியிருப்போரை மனத்தில் வைத்து எழுதிய சட்டம். நாள்தோறும் ஜீப்பில் ஏறி இறங்கும் தாயின் பிள்ளை அதன் கண்ணில் படவில்லை.

கோடையில் பிள்ளைகள் இழப்பது எவ்வளவு என்று மேலைநாட்டார் அளந்து பார்த்திருக்கின்றனர். அளவுகளைப் பற்றி அவர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. 1978இல் பார்பரா ஹெய்ன்ஸ் என்ற சமூகவியலார் அட்லாண்டா நகரப் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விடுமுறையில் ஒரு பிள்ளையின் கல்வி வளர்ந்ததா தேய்ந்ததா என்பதோடு மிக நெருங்கிய தொடர்புடையதாக அவர் கண்டது புத்தக வாசிப்பையே. பொது நூலகம் வீட்டுக்கு அருகில் இருந்த பிள்ளை மிகுதியாகப் படித்தது. பிள்ளையின் ஆர்வம் பிறவிக் குணம் என்று நாம் நினைத்திருந்தால், அதில் நடைதூரத்திற்கும் ஒரு பங்கு உண்டு என்று இதிலிருந்து தெரிகிறது.

நடைதூரத்தைப் பற்றித் தமிழ்நாடு முன்பே கவலைப்பட்டிருக்கிறது. நூலக அறிஞர் அரங்கநாதன் காலத்தில், 1931இல், மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். விடுதலை இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னையில்தான் நிறைவேறியது. வீட்டு வாசலுக்கே வந்த 'அம்புலிமாமா' 1947இலும் 'கோகுலம்' 1972இலும் தொடங்கி, தலைமுறைகளை வாசிக்கப் பழக்கின. அவ்விரண்டும் இன்று அச்சில் இல்லை. பெரியசாமித் தூரனின் பொறுப்பில் வந்த பத்துத் தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் நூலகங்களின் மேல்தட்டில் இருக்கக்கூடும். குழந்தையின் கை அங்கே எட்டாது.

மலைமேல் எட்டுமா என்று ஐயுறுவோருக்கு, இதே மலைத்தொடரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மூணாற்றுக்கு அப்பால், காட்டுக்குள் நெடுந்தொலைவு நடந்து சேர வேண்டிய இடமலைக்குடி என்ற முத்துவர் குடியிருப்புகளில் ஒன்றில், பி.வி. சின்னத்தம்பி என்ற முதியவர் சிறியதொரு தேநீர்க் கடை வைத்திருந்தார். மண் சுவர்க் கடை. அதற்குள்ளேயே ஒரு நூலகத்தையும் நடத்தினார். ஆசிரியர் பி.கே. முரளீதரன் அவருக்குத் துணை. சாக்குப் பைகளில் நூற்றறுபது புத்தகங்கள். மகாத்மா காந்தியின் நூல்கள் முதல் சிலப்பதிகாரத்தின் மலையாளப் பெயர்ப்புவரை அவற்றுள் அடக்கம். உறுப்பினர் கட்டணம் இருபத்தைந்து ரூபாய். மாதச் சந்தா இரண்டு ரூபாய். இரவல் வாங்க வருவோருக்குக் கட்டஞ்சாயா இலவசம். மலை ஏறி இறங்கிக் களைத்து வருகிறார்களே என்பது அவர் சொன்ன காரணம். பத்திரிகையாளர் சாய்நாத் அங்கே சென்று பார்த்து எழுதினார். 2013ஆம் ஆண்டில் முப்பத்தேழு முறை புத்தகங்கள் இரவல் போயிருந்ததை அந்தப் பதிவேடு காட்டியது. சில நூறு பேரே வாழும் குடிகளில் அது சிறு எண்ணன்று. முத்துவரின் பேச்சு தமிழோடு நெருங்கியது. அதற்கு எழுத்து கிடையாது. தம் வீட்டுப் பேச்சுக்கு எழுத்தில்லாத மக்கள் மழையில் நனைந்து வந்து புத்தகம் கேட்டார்கள்! சாலையும் பள்ளியும் மின்சாரமும் உள்ள நம் பங்குகளில் எத்தனை கோவில் மண்டபங்களில் அத்தகைய பதிவேடு ஒன்று உண்டு? கோடையில் பத்து நாள் மறைக்கல்வி வகுப்பு நடத்துகிறோம். இறுதி நாளில் மனப்பாடப் போட்டி. பரிசாகச் சோப்புப் பெட்டி, எவர்சில்வர் கிண்ணம். ஒரு கதைப் புத்தகத்தை இரவல் கொடுத்து, 'அடுத்த ஞாயிறு கொண்டு வா, தம்பி' என்று சொல்வதற்கு அதைவிடக் குறைந்த செலவே ஆகும்.

வாசிப்பைப் பற்றி இவ்வளவு சொன்னோம். எழுதுவதற்கு வழிகாட்ட ஒரு மலைப்பங்கின் குரு இருக்கிறார். 1954 டிசம்பரில் அருட்தந்தை லொரென்சோ மிலானி, இத்தாலியில் ஃபுளோரன்ஸ் மறைமாவட்டத்தின் மலைச்சிற்றூரான பார்பியானாவுக்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ ஒதுக்கி வைத்தது போலத்தான். அங்கிருந்தவை சிதறிக் கிடந்த சில உழவர் வீடுகளே. பிள்ளைகள் ஊருக்குள் இருந்த பள்ளியில் தோற்று, ஆடு மேய்க்கத் திரும்பியவர்கள். பங்கு இல்லத்திலேயே அவர் ஒரு பள்ளி தொடங்கினார். அதற்கு விடுமுறையே இல்லை. ஆண்டின் 365 நாளும் நடந்தது. பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குக் கற்பித்தது. புரியாத ஒருவன் இருக்கும்வரை பாடம் நகரவில்லை. 1967 மே மாதம் அப்பிள்ளைகளுள் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' வெளிவந்தது. ஏழைப் பிள்ளைகளைத் தோற்கடித்து வெளியேற்றும் பள்ளியைக் கேள்வி கேட்ட அந்நூல் பல மொழிகளுக்குச் சென்றது, தமிழிலும் வந்திருக்கிறது. அடுத்த மாதம் 26ஆம் நாள் தம் நாற்பத்து நான்காம் வயதில் மிலானி காலமானார். 2017 ஜூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அச்சிற்றூருக்குச் சென்று அவரது கல்லறையில் செபித்தார்.

அவர்கள் எழுதிய முறையையும் அக்கடிதமே விளக்குகிறது. மனத்தில் தோன்றியதைச் சிறுசிறு தாள்களில் எழுதுவார்கள். ஒரு தாளில் ஓர் எண்ணம் மட்டுமே. பிறகு தாள்களை மேசையில் பரப்பி, திரும்ப வருவனவற்றை நீக்கி, உறவுடையவற்றைச் சேர்த்து அடுக்குவார்கள். அடுக்கின்படி எழுதி, உரக்கப் படித்து, கேட்பவனுக்குப் புரியாத சொல்லை அடிப்பார்கள். எழுத்து இறைவன் சிலருக்கு மட்டும் தந்த வரம் என்ற எண்ணத்தை இம்முறை உடைத்தது. உழவன் மகன் எழுதத் தொடங்கியது ஆட்டுப் பட்டியிலும் பனிவழியிலும் தான் கண்டதைக் கொண்டுதான். 'என் கோடை விடுமுறை' என்ற தலைப்பில், போகாத கடற்கரையைப் பற்றி அவன் எழுத வேண்டியதாயில்லை.

தமிழ்நாட்டிலும் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தின் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. அதே தெருவில் வாழும், சற்றுப் படித்த பெண்களே பெரும்பாலும் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். 2022 ஜூன் முதல் பன்னிரண்டு நாட்களில், கோடை விடுமுறையின் கடைசியில், வாசிப்பு மாரத்தான் ஒன்றையும் அவர்கள் நடத்தினர். கைப்பேசித் திரையில் கதை தோன்ற, பிள்ளை உரக்கப் படித்தது. முற்காலத்தில் மணல், இக்காலத்தில் திரை. இரண்டிலும் பிள்ளை படிக்கும்போது அருகில் ஒருவர் அமர்ந்திருந்தார்.

போடியின் மலையடிவார வீட்டில் அருகில் அமரக்கூடியவர் யார்? மூத்த மகளா? அவள் தோளில் ஏற்கெனவே வீடு இருக்கிறது. கற்பிக்கும் பொறுப்பையும் சேர்த்து வைத்தால் அது அவளுக்கு மற்றொரு வேலையாகிவிடும். கல்லூரி விடுமுறையில் ஊர் வந்திருக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் நாளுக்கு ஒரு மணி நேரம் கோவில் மண்டபத்தில் சிறுவரை ஏற்றுக்கொண்டால், அந்த ஒரு மணி நேரம் அவளுக்கும் படிக்கக் கிடைக்கும். இதைப் பங்குப் பேரவைகள் செய்யலாம். பெரிய திட்டம் வேண்டியதில்லை.

மாலையில் ஜீப்பை விட்டிறங்கும் தாய்க்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஏலக்காட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது எந்தப் பாடநூலிலும் இல்லை. முற்றிய காயைப் பிஞ்சிலிருந்து விரல் எப்படிப் பிரித்தறிகிறது, பச்சை நிறம் மாறாமல் காய் எவ்வாறு உலர்கிறது, மழைக்காலத்தில் அட்டை ஏறாமலிருக்கக் காலில் எதைத் தடவிக்கொள்வார்கள், முதன்முதலில் தன் தாயோடு மலை ஏறியபோது அவளுக்கு என்ன வயது? பழைய நோட்டின் எழுதாத பக்கங்களைக் கிழித்து, தாளுக்கு ஒரு கேள்வியாகப் பிள்ளை பகலிலேயே எழுதி வைக்கட்டும். இரவு சோறு உண்டபின் ஒரு கேள்வி கேட்டால் போதும். தாய் சொல்லச் சொல்ல அவள் சொன்னபடியே, போடிப் பேச்சிலேயே எழுதி, எழுதியதை அவளுக்கே உரக்கப் படித்துக் காட்டட்டும். 'நான் அப்படியா சொன்னேன்?' என்று அவள் திருத்துவாள். எழுத்துப் பிழைகளை மறுநாள் மண்டபத்தில் பார்த்துக்கொள்ளலாம்.